கர்ப்பிணிக்கு அடிபட்டால் உடனே செய்ய வேண்டியவை

பெங்களூரு அல்சூரில் மழை பெய்த மாலையொன்றில் ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து சறுக்கி விழும் ஏழு மாதக் கர்ப்பிணி, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தானே என்று புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிடலாம். ஆனால் வெளிக்காயம் சிறிதாக இருப்பது உள்ளே எல்லாம் நலம் என்பதற்குச் சான்றாகாது. அதிர்ச்சியில் கருப்பை வளைந்து கொடுக்கும், நஞ்சுக்கொடி அவ்வாறு கொடுக்காது. ஆகவே அது கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்து, குழந்தைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறையக்கூடும். இரத்தம் உள்ளேயே தேங்கினால் கசிவுகூடத் தெரியாது.

எனவே 20 வாரங்களைக் கடந்தவர்கள், வலி இல்லாவிட்டாலும், மகப்பேறு மருத்துவமனைக்குச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தை பிழைக்கத்தக்க வளர்ச்சியை எட்டியிருந்தால், இதயத்துடிப்பையும் கருப்பைச் சுருக்கங்களையும் குறைந்தது 4 மணி நேரம் கண்காணிப்பதே வழக்கம். ஸ்கேன் இயல்பு என்று அரை மணியில் வீடு திரும்புவது எனக்கு உடன்பாடில்லை. நஞ்சுக்கொடிப் பிரிவு பல நேரம் ஸ்கேனில் தென்படாது. இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, வயிறு கல்லாக இறுகுதல், அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்து, முதுகில் அடிபடவில்லையென்றால் இடப்பக்கமாகப் படுத்திருக்கவும்.

தாயி கார்டை (கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் தாய்-சேய் பதிவு அட்டை) கையோடு எடுத்துச் செல்லவும். இரத்த வகை நெகட்டிவ் எனில் குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். விழுந்ததாகச் சொல்லப்படும் காயம் வீட்டில் வாங்கிய அடியாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம். பெண்களுக்கான உதவி எண் 181.