பெரிய ஆர்சி விமானத்தில் பேட்டரிக்கு சார்ஜ் போடுவது: எதைக் கழற்ற வேண்டும், எதை உள்ளேயே விடலாம்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று மாசியில் கொஞ்சம் அடங்கும், வயலும் காய்ந்து கெட்டியாகியிருக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ரிமோட்டில் பறக்கவிடும் பெரிய ஆர்சி விமானம் வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுக்கும் காலம் அதுதான். இந்த வருடம் புதிதாக மூன்று பேர் 50 சிசி பெட்ரோல் விமானம் வாங்கியிருக்கிறார்கள், மூவரும் என்னிடம் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்ணா, பேட்டரியைக் கழற்றாம அப்படியே சார்ஜ் போடலாமுங்களா?"

பேட்டரி என்ன வகை என்பதைப் பொறுத்துத்தான் பதில். லைபோ, அதாவது லித்தியம் பாலிமர் என்றால் கழற்றி வெளியே எடுங்கள், இதில் பேச்சே கிடையாது. லைஃப், அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் கீழே சொல்லும் முறையில் உள்ளேயே வைத்துப் போடலாம். லித்தியம் அயான் பேட்டரியையும் நான் கழற்றித்தான் போடுகிறேன். என்ன வகை என்றே தெரியாத பேட்டரி, லேபிள் கிழிந்த பேட்டரி எல்லாம் சார்ஜரின் பக்கமே போகக் கூடாது.

பெரிய பெட்ரோல் விமானத்தில் பொதுவாக ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களுக்கும் ஒன்று அல்லது இரண்டு பேட்டரி, எஞ்சினில் பொறி கொடுக்கும் இக்னிஷனுக்குத் தனியாக ஒன்று என்று இருக்கும். இறக்கையைக் கழற்றி, கனோப்பியை, அதாவது உடலின் மேல் மூடியைத் திறந்து, நுரைப்பஞ்சில் சுற்றி வைத்த பேட்டரியைத் தோண்டி எடுப்பது எரிச்சலான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் உடல் முழுக்க பால்சா மரமும் பிளைவுட்டும், மேலே பிளாஸ்டிக் உறை, நடுவில் பெட்ரோல் டேங்க். பேட்டரி உள்ளே பற்றிக்கொண்டால் அணைக்க நேரம் கிடைக்காது.

முதலில் இடம். சிமெண்ட் தரை வேண்டும். கட்டில், மரமேஜை, ஓலைக் கொட்டகை வேண்டாம். டேங்கில் பெட்ரோல் இருந்தால் காலி செய்யுங்கள், கனோப்பியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, உடலின் அடிப்பகுதியில் போய்த் தேங்கி நிற்கும், கனெக்டர் சொருகும்போது வரும் சின்னப் பொறி அதற்குப் போதும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வையுங்கள். கழற்றிய லைபோவை நான் வாய் அகன்ற மண்சட்டியில் மணல் பரப்பி அதன் மேல் வைத்துப் போடுகிறேன், மேலே ஓட்டுத்துண்டு ஒன்றைச் சும்மா சாய்த்து வைப்பேன், இறுக்கி மூடக் கூடாது, புகைக்கு வழி வேண்டும். அந்தப் புகை நஞ்சு, வந்தால் முகத்தைக் கொண்டுபோகாமல் தள்ளி நில்லுங்கள்.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த பேட்டரியும், அப்போதுதான் பறந்து இறங்கிய பேட்டரியும் சூடாக இருக்கும். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் போடக் கூடாது. நிழலில் அரைமணி நேரம் வையுங்கள், உள்ளங்கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு வரட்டும். உப்பியிருந்தாலோ, வயர் உறை கிழிந்திருந்தாலோ அதை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் சார்ஜரில் வகையைத் தேர்வு செய்வது. பெரும்பாலான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. லைபோ ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏறும், லைஃப் 3.6 வரைதான். இரண்டு செல் என்றால் லைபோ 8.4, லைஃப் 7.2. போன வருடம் திண்ணையில் உட்கார்ந்து விமானத்துக்குள் இருந்த லைஃபுக்கு சார்ஜ் போட்டேன், முந்தின நாள் லைபோவுக்கு வைத்த அமைப்பு சார்ஜரில் அப்படியே இருந்ததைப் பார்க்காமல் ஸ்டார்ட்டை அழுத்திவிட்டேன். எதற்கோ திரும்பியபோது திரையில் 7.6 என்று தெரிந்தது. உடனே நிறுத்தி, உள்ளே கையை விட்டேன், பேட்டரியைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சே வெதுவெதுப்பாக இருந்தது. அந்த பேட்டரியை அதற்கப்புறம் விமானத்தில் வைக்கவே இல்லை. அன்றிலிருந்து லேபிளில் இருக்கும் வகையையும் செல் எண்ணிக்கையையும் வாய்விட்டுப் படித்து, திரையில் அதேதான் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பொத்தானில் கை வைப்பேன்.

ஆம்பியர் கணக்கு எளிது. லேபிளில் எம்ஏஎச் என்று போட்டிருப்பது பேட்டரியின் கொள்ளளவு, 2100 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.1 ஆம்பியருக்கு மேல் வைக்காதீர்கள். சுவிட்சில் இருக்கும் சார்ஜ் துளை வழியாகப் போடுவதாக இருந்தால் இன்னும் குறையுங்கள், அந்த சர்வோ வயர் மெல்லியது, நான் 1 ஆம்பியரைத் தாண்டுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். ஆனால் அந்தத் துளை வழியாக பேலன்ஸ் செய்ய, அதாவது எல்லா செல்லையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய வயர்களான பேலன்ஸ் லீடுக்கு ஒரு நீட்டிப்பு வயர் போட்டு கனோப்பி ஓரத்தில் வெளியே வரும்படி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு செல்லும் எத்தனை வோல்ட் என்று திரையில் தெரியும், இந்தச் சின்ன வேலையைக் கட்டாயம் செய்யுங்கள் என்பேன்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். சார்ஜ் வயரை முதலில் சார்ஜரில் சொருகுங்கள், பிறகுதான் பேட்டரியில். கழற்றும்போது முதலில் பேட்டரி. மாற்றிச் செய்தால், சார்ஜர் பக்கம் தொங்கும் இரண்டு பனானா பிளக் உலோக முனைகளும் உரசிக்கொண்டு ஷார்ட் ஆகும். விமானத்தின் சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். இக்னிஷன் சுவிட்சும் அப்படியே. அது ஆனில் இருக்கும்போது புரொப்பல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், விரல் போய்விடும். இரண்டு ரிசீவர் பேட்டரி இருந்தால் ஒவ்வொன்றாகத் தனித்தனியே போடுங்கள், ஒன்றுக்குச் சிவப்பு நாடா, மற்றதற்கு மஞ்சள் நாடா சுற்றிவைத்தால் எதைப் போட்டோம் என்று குழப்பம் வராது.

வயலில் கார் பேட்டரியிலிருந்து போடுபவர்கள், சார்ஜ் நடக்கும்போது காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வீட்டில் கரண்ட் போய்ப் போய் வந்தால், வந்ததும் சார்ஜரை மறுபடி முதலிலிருந்து சரிபாருங்கள். எங்கே போட்டாலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சந்தைக்குப் போய்வருகிறேன் என்றால் சார்ஜரை நிறுத்திவிட்டுப் போங்கள்.

லைஃப் முழுதாக ஏறி, 7.2 காட்டி நின்ற பிறகு சில மணி நேரம் கழித்து மல்ட்டிமீட்டர் வைத்தால் 6.7 போலக் காட்டும். புதியவர்கள் இதைப் பார்த்து பேட்டரி கெட்டுவிட்டது என்று பயப்படுகிறார்கள், அது அதன் இயல்பு. இன்னொன்று, லைஃபின் வோல்ட் தீரும் கட்டம் வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி நின்று கடைசியில் திடுமென விழும், எனவே வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திரும்ப ஏற்றியது என்பதுதான் நம்பக்கூடிய கணக்கு. நான்கு பறப்புக்குப் பிறகு 900 ஏறினால் ஒரு பறப்புக்கு 225. 2100 பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருக்க வேண்டுமென்றால் நான்கோடு நிறுத்த வேண்டும். இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். அதே நான்கு பறப்புக்கு ஒருநாள் 1300 ஏறியது என்றால் ஏதோ ஒரு சர்வோ சிக்கிக்கொண்டு கரண்ட்டைத் தின்கிறது, அன்று பறக்காமல் ஒவ்வொரு சர்வோவாகப் பாருங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் லைபோக்களை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி மண்சட்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு கிளம்பும் முன் முழுதாக ஏற்றினால் போதும்.