பாய் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தை எப்படிக் கேட்பது, எப்படிக் கருத்து எழுதுவது

உங்களுக்குப் பிடித்த பாய் பேண்டின், அதாவது பையன்கள் சேர்ந்து பாடும் குழுவின், இரண்டாவது ஆல்பம் வந்துவிட்டதா? முதலில் பாட்டுகளைக் கலைத்துப்போடும் ஷஃபிளை அணையுங்கள். முதல் பாட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை, அவர்கள் அடுக்கிய வரிசையிலேயே, நடுவில் எதையும் தள்ளாமல் ஒரு தடவை கேளுங்கள். அதுவரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், ஸ்டேட்டஸும் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012 நவம்பரில் பிரிட்டன் பாய் பேண்டான ஒன் டைரக்‌ஷனின் இரண்டாவது ஆல்பமான ‘டேக் மீ ஹோம்’ வந்தபோது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன், எங்கள் பக்கம் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது, பாட்டு வேண்டுமென்றால் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து ஏற்றி வாங்குவதுதான் வழக்கம். என் போன் பாட்டுகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிட்டது. பதின்மூன்று பாட்டில் பதினொன்றாவதாக வரவேண்டிய ‘பேக் ஃபார் யூ’ முதலில் ஓடியது, ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும் ‘லிவ் வைல் வி ஆர் யங்’ ஒன்பதாவதாக வந்தது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. “முதல் ஆல்பம் அளவுக்கு இல்லை, எல்லாம் ஒரே அச்சு” என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். புதுச்சேரியில் அப்போது எங்கள் ஊர் அளவுக்குக் கரண்ட் போகாது. சித்தி பெண் கம்ப்யூட்டரில் அதே ஆல்பத்தைச் சரியான வரிசையில் போட்டாள். முதல் இரண்டு பாட்டும் துள்ளல், கைதட்டிக்கொண்டே கேட்டோம். மூன்றாவதாக ‘லிட்டில் திங்ஸ்’ வந்ததும் அவள் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். “இப்ப கேளுக்கா” என்றாள். ஒரு கிட்டார், அதன்மேல் ஒவ்வொருவராக வந்து பாடும் ஐந்து குரல்கள், வரி தொடங்குவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு வரைக்கும் காதில் விழுந்தது. அந்த இரண்டு துள்ளல் பாட்டுக்குப் பிறகு வந்ததால்தான் அந்த அமைதிக்கு அவ்வளவு பலம். நான் கேட்ட அகரவரிசையில் அது எட்டாவதாக, ஏதோ ஒரு மெதுவான பாட்டாகக் கடந்துபோயிருந்தது.

வரிசை என்பது யோசித்துச் செய்யும் வேலை. ஆளைப் பிடித்து உட்காரவைக்கும் பாட்டுகள் முன்னால், அப்புறம் ஒரு இளைப்பாறல், நடுவில் மறுபடி வேகம், இப்படித்தான் பெரும்பாலும் அடுக்குவார்கள். இரண்டாவது ஆல்பத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கேட்பவர் ஏற்கெனவே ஒரு எதிர்பார்ப்போடுதான் வந்து உட்காருகிறார். மூன்றாவது இடத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தப் பாட்டை நம்பி வேகத்தைக் குறைக்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அடுத்தது, முதல் ஆல்பத்தை எடுத்து மறுபடியும் கேளுங்கள். நினைவை வைத்து ஒப்பிடாதீர்கள். முதல் ஆல்பத்தை ஒரு வருடமாக, குளிக்கும்போதும் சைக்கிளில் போகும்போதும் நூறு தடவை கேட்டிருப்பீர்கள், அதில் சுமாரான பாட்டுகளை எப்போதோ தள்ளிவிட்டு நல்ல நாலைந்தை மட்டும் மனதில் வைத்திருப்பீர்கள். புதிதாக வந்ததைக் கேட்டு ஒரு மணி நேரம்தான் ஆகிறது, அதில் எல்லாப் பாட்டும் கலந்து நிற்கிறது. இந்த ஒப்பீட்டில் புதியது தோற்காமல் என்ன செய்யும்? பழையதை முழுதாகக் கேட்டால் அதிலும் சொத்தை உண்டு என்பது தெரியும், அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

கூடவே அவர்களுக்குக் கிடைத்த நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன் டைரக்‌ஷன் 2010இல் பிரிட்டன் டிவியின் ‘எக்ஸ் ஃபாக்டர்’ போட்டியில் மூன்றாவதாக வந்த பையன்கள். முதல் ஆல்பம் ‘அப் ஆல் நைட்’ 2011 நவம்பரில், இரண்டாவது கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து 2012 நவம்பரில், அந்த இடைவெளியில் பெரும்பகுதி ஊர் ஊராகக் கச்சேரி. எனக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் முதல் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்த டிசம்பர் கடைசியில்தான் தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டது. இரண்டாவது வந்தபோதும் வழியெல்லாம் விழுந்த முந்திரித் தோப்புகள் எழுந்திருக்கவில்லை. அந்தக் குறுகிய காலத்தில் பதினெட்டு முதல் இருபது வயதில் உலகம் சுற்றிக்கொண்டே பாடிய குரல் இது என்று தெரிந்து கேட்டால், எங்கே அவசரம் தெரிகிறது, எங்கே குரல் தேறியிருக்கிறது என்று இரண்டும் பிடிபடும்.

மூன்றாவது, பாட்டு எழுதியவர்கள், தயாரித்தவர்கள் பெயரைப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் பாட்டின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பாய் பேண்ட் விஷயத்தில் இதுதான் பாதிக் கதை. ஒன் டைரக்‌ஷனின் முதல் பெரிய வெற்றிப் பாட்டைச் செய்த சவன் கொடேச்சா, ராமி யாகூப், கார்ல் ஃபால்க் ஆகிய மூவரும்தான் இரண்டாவது ஆல்பத்தின் தொடக்கப் பாட்டிலும் இருக்கிறார்கள். இதில் ராமி யாகூப், முந்தைய தலைமுறைப் பாய் பேண்டான பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் காலத்து ஸ்டாக்ஹோம் ஸ்டூடியோவில், அவர்களுக்குப் பாட்டு எழுதித் தயாரித்த மேக்ஸ் மார்ட்டினோடு வேலை பார்த்தவர். ஆக, “ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்கிறதே” என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைப் பெயரோடு எழுதலாம். ‘லிட்டில் திங்ஸ்’ ஏன் தனியாக நிற்கிறது என்பதற்கும் விடை அங்கேயே உண்டு: அதை எழுதியவர்கள் அந்த மூவர் அல்ல, பாடகர்களான எட் ஷீரனும் ஃபியோனா பெவனும். பேண்டில் உள்ளவர்களின் சொந்தப் பெயர் எத்தனை பாட்டில் வருகிறது என்றும் எண்ணுங்கள். ‘டேக் மீ ஹோம்’ ஆல்பத்தில் சில பாட்டில்தான் வரும், 2013இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பெரும்பாலானவற்றில் வந்துவிடும். இரண்டாவது என்பது பல பேண்டுகளுக்கு அந்த வழியில் ஒரு நடுப்படி.

இரண்டாவது தடவை கேட்பதற்குப் பேருந்து நல்ல இடம், ஆனால் ஜன்னலோரம் கிடைக்க வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற நேரத்தில் ஒரு ஆல்பம் முடிந்துவிடும். கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஊர் கடக்கக் கடக்க எந்தப் பாட்டில் உங்கள் கவனம் வெளியே போனது, எந்தப் பாட்டு உங்களை மறுபடி உள்ளே இழுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் பாலம் வரும்போது இன்னும் எத்தனை பாட்டு இருக்கிறது என்று நீங்கள் போனைப் பார்த்தால், அந்த ஆல்பத்தின் பின்பாதி இழுக்கிறது என்று அர்த்தம். தனியார் பேருந்து என்றால் டிரைவர் தலைக்கு மேல் இளையராஜா ஓடிக்கொண்டிருப்பார், அப்போது விட்டுவிடுங்கள், இரண்டும் கெட்டுப்போகும்.

மூன்றாவது தடவை ஒரே ஒரு குரலைப் பின்தொடருங்கள். இதை நான் என் அக்கா மகளோடு செய்து பார்த்தேன், அவளுக்குப் பதினான்கு வயது, கொரியப் பாய் பேண்டான பிடிஎஸ் என்றால் உயிர். நம் பாட்டில் கோரஸ் என்றால் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவது. பாய் பேண்டில் பல்லவி வரும்போது ஒருவர் மெட்டைப் பிடிப்பார், ஒருவர் அதற்கு மேலே, ஒருவர் கீழே, இன்னொருவர் இடைவெளியில் இழுத்து நிரப்புவார். ஹெட்போனில் மேல்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டு முழுக்கப் போங்கள், அடுத்த தடவை கீழ்க்குரலை. முதல் ஆல்பத்தில் ஓரிரு வரியோடு நின்றவருக்கு இரண்டாவதில் பொறுப்பு கூடியிருக்கிறதா, யார் பல்லவியைத் தூக்கிக்கொண்டு போகிறார், யாரை ஓரம் கட்டியிருக்கிறார்கள் என்று இதில்தான் தெரியும். ரசிகர்கள் வருடக்கணக்கில் சண்டைபோடுகிற விஷயம் இது, நீங்களே எண்ணிப் பார்த்துவிட்டால் சண்டை தேவையில்லை.

சரி, வரவேற்புக்கு வருவோம். வரவேற்பு என்று சொல்லும்போது மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: விற்பனை, விமர்சகர்கள் சொன்னது, ரசிகர்கள் சொன்னது.

விற்பனையில் முதல் வார எண் அடிக்கடி நம்மை ஏமாற்றும். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் 1999இல் வெளியிட்ட ‘மில்லெனியம்’ அமெரிக்காவில் முதல் வாரத்தில் சுமார் 11.3 லட்சம் பிரதி விற்றது. அடுத்து 2000 நவம்பரில் வந்த ‘பிளாக் அண்ட் புளூ’ முதல் வாரத்தில் சுமார் 16 லட்சம். எண்ணை மட்டும் பார்த்தால் அடுத்தது பெரிய வெற்றி. ஆனால் அமெரிக்காவில் ‘மில்லெனியம்’ 1.3 கோடிப் பிரதிக்கான சான்று வாங்கியது, ‘பிளாக் அண்ட் புளூ’ 80 லட்சத்தில் நின்றது. முதல் வாரத்தில் கடைக்கு ஓடிவருகிறவர் முந்தைய ஆல்பத்தை நம்பி வருகிறார், புதியதை இன்னும் முழுதாகக் கேட்கவே இல்லை. அதனால் முதல் வார எண் முந்தைய ஆல்பத்துக்குக் கிடைக்கும் மார்க், புதிய ஆல்பத்துக்கான மார்க் ஆறாவது மாதத்தில் வரும்.

அக்கா மகள் ஒருநாள் “பாரு சித்தி, ஃபர்ஸ்ட் வீக்ல இவங்கதான் டாப், ஒன் டைரக்‌ஷன்லாம் கிட்டயே வரல” என்று போனை நீட்டினாள். ‘அப் ஆல் நைட்’ அமெரிக்காவில் முதல் வாரம் 1.76 லட்சம், ‘டேக் மீ ஹோம்’ 5.4 லட்சம், அந்த ஒப்பீடு சரி, ஏனென்றால் அமெரிக்காவில் இரண்டும் 2012இலேயே வெளிவந்தவை, ஒரே கணக்கு முறையில் எண்ணியவை. ஆனால் 2014 டிசம்பரிலிருந்து அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்தார்கள், தொடக்கத்தில் 1,500 தடவை கேட்டால் ஒரு ஆல்பம் என்று கணக்கு, பிறகு அதுவும் மாறியது. கொரியப் பேண்டுகளின் ஆல்பங்களில் உள்ளே யாருடைய ஃபோட்டோ கார்டு வரும் என்று தெரியாததால் ஒரே ஆள் நாலைந்து பிரதி வாங்குவதும் உண்டு. அதில் தப்பு ஒன்றுமில்லை, அவள் சேர்த்துவைத்திருக்கும் கார்டுகளை நானும் ஆசையாகத்தான் பார்ப்பேன். ஆனால் இரண்டு காலத்து எண்களைப் பக்கத்தில் வைத்து ஜெயித்தவர் யார் என்று எழுதாதீர்கள்.

விமர்சகர்களைப் படிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள்: பாட்டைப் பற்றிய வரியையும் ரசிகர்களைப் பற்றிய வரியையும் பிரித்துக் கோடு போடுங்கள். ‘டேக் மீ ஹோம்’ தொடக்கப் பாட்டின் கிட்டார், தி கிளாஷ் என்ற பழைய ராக் குழுவின் பாட்டை நினைவூட்டுகிறது என்று பலர் எழுதினார்கள். அது பாட்டைப் பற்றிய வரி, போட்டுக் கேட்டுச் சரிபார்க்கலாம், எனக்கும் அது சரி என்றே படுகிறது. பல்லவிகள் மனதில் ஒட்டுகின்றன, ஆனால் ஒரே வாய்பாட்டில் செய்தவை என்பதும் அப்படித்தான், ஏற்கலாம், மறுக்கலாம். “பெண் பிள்ளைகள் கத்துவதற்காகச் செய்தது” என்கிற மாதிரி வரி வந்தால் அதை அடித்துவிடுங்கள். அதில் பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இதே பேச்சை நான் கல்லூரியில் கேட்டிருக்கிறேன், அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அந்த ஆத்திரம் இன்றைக்கும் உண்டு. பதினாறு வயதுப் பெண்கள் ஒரு பாட்டை நூறு தடவை கேட்கிறார்கள் என்றால் அந்தப் பாட்டின் ஒவ்வொரு மூச்சும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

ரசிகர்கள் சொல்வதில் முதல் நாள் பேச்சைத் தள்ளிவிடலாம். முதல் நாள் முதல் காட்சி முடிந்து தியேட்டர் வாசலில் மைக்கைப் பார்த்துச் சொல்வதைப் போன்றது அது, அன்பு நிஜம், தகவல் குறைவு. இரண்டு மாதம் கழித்து எந்தப் பாட்டைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள் என்று பாருங்கள், அது பெரும்பாலும் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வெளிவராத ஏதோ ஒரு பாட்டாக இருக்கும்.

இனி எழுதுவது. அக்கா மகள் முதலில் எழுதிக் காட்டியது இது: “ஆல்பம் வேற லெவல், எல்லாப் பாட்டும் செம, ஆனா பழசு மாதிரி வராது.” நான் அவளிடம் மூன்று கேள்விதான் கேட்டேன். எந்தப் பாட்டு, அதில் எந்த இடம், பழையதில் எந்தப் பாட்டோடு ஒப்பிடுகிறாய்? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்ட பிறகு, காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் இயர்போனை வைத்துக்கொண்டு அந்த இடத்தை நாலு தடவை திருப்பிப் போட்டாள். பிறகு எழுதினாள்: “நாலாவது பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்ததும் டிரம்ஸ் நின்றுவிடுகிறது, அங்கே ஒரு குரல் மட்டும் வருகிறது, முந்தைய ஆல்பத்தில் இவர்கள் இந்த மாதிரி இடத்தைக் காலியாக விட்டதே இல்லை.” பிடிக்கிறதா இல்லையா என்று அவள் சொல்லவே இல்லை, ஆனாலும் அதைப் படித்த எனக்கு அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் போல இருந்தது.

நீளம் முக்கியமில்லை. இப்படி மூன்று இடம் காட்டினால் போதும், ஒன்றாவது குறையாக இருக்கட்டும். பாட்டுக்கு மார்க் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஐந்துக்கு மூன்றரை என்று போட்டால் படிப்பவர் அதை மட்டும்தான் பார்க்கிறார்.

எழுதியதற்குக் கீழே தேதி போடுங்கள், எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். என் 2012 நோட்டில் “எல்லாம் ஒரே அச்சு” என்ற வரி அப்படியே இருக்கிறது, அதற்கு எதிரே முத்தியால்பேட்டையிலிருந்து வந்த அன்று எழுதியது இருக்கிறது. அதற்கும் கீழே 2024 அக்டோபர் தேதி போட்டு ஒரு வரி. அந்த ஐந்து குரல்களில் ஒருவரான லியாம் பெய்ன் இறந்த செய்தி வந்த அன்று ‘லிட்டில் திங்ஸ்’ பாட்டைப் போட்டேன், இரண்டாவதாக வரும் குரல் அவருடையது, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் ஃபேனை அணைத்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து கேட்டேன். பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.