பெற்றோருக்கு வாட்ஸப்பில் சேதி சொல்வது எப்படி?

திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோருக்குச் சேதி சொல்லப் புதிதாக எந்த ஆப்பும் வேண்டாம், அவர்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸப் போதும். ஆனால் எடுத்த எடுப்பில் குரூப் தொடங்காதீர்கள். குரூப்பில் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். கணவர் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்க, பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அம்மாவின் எண்ணை ஊருக்கே காட்ட நமக்கு உரிமை இல்லை.

அதற்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். சேதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டுமே வரும். நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதை மறக்கக் கூடாது. ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே அவர்கள் போனை வாங்கி நம் எண்ணைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். அன்று மாலை ஒரு வணக்கம் அனுப்பினால், பதில் வராத வீடு எது என்று தெரிந்துவிடும். சாதா போன் உள்ள வீடுகளையும், போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடும் வீடுகளையும் தனி நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களுக்கு ஒரு அழைப்பு, அல்லது பிள்ளை கையில் ஒரு துண்டுச் சீட்டு.

அப்புறம், நேரம். குறுவையோ சம்பாவோ, நடவுக் காலத்தில் பெண்கள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். காலை எட்டு மணிக்கு அனுப்பி யாருக்கும் பயனில்லை. இரவு ஏழரைக்கு அனுப்புங்கள், அதுவும் குரலில். பல வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எழுத்து தெரியாத அப்பாயிதான். அரை நிமிஷம், ஒரே விஷயம், நாளும் கிழமையும் சொல்லி:

“வணக்கங்க, அஞ்சாம் வகுப்பு டீச்சர் பேசுறேன். நாளைக்குப் புதன்கிழமை காலையில பத்து மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். வீட்டுக்கு ஒருத்தர் கண்டிப்பா வாங்க.”

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இந்த நேரக் கணக்கு செல்லாது. விடுமுறையை ஆட்சியர் அறிவித்ததும், விடியற்காலை ஆனாலும் உடனே அனுப்ப வேண்டும். ஆனால் போன வருஷத்து அறிவிப்பும் அதே நாளில் சுற்றி வரும். தேதியைப் பாருங்கள், மாவட்டத்தையும் பாருங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு விட்ட லீவு திருவாரூர் மாவட்டத்துக்கு ஆகாது. எல்லையோர ஊர்களில் இந்தக் குழப்பம் நிறைய. “நம்ம திருவாரூர் மாவட்டத்துக்கு லீவு” என்று மாவட்டப் பெயரோடு சொல்லிவிட்டால் பிள்ளை நனைந்துகொண்டு வராது.

மதிப்பெண், குறை, கண்டிப்பு எதையும் பொதுவில் அனுப்பாதீர்கள். போன் போட்டுப் பேசுங்கள். நல்லது நடந்தால், பிள்ளை எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவுக்கும் அது போய்ச் சேரும்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் லிஸ்டை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதற்குள் நாலைந்து பேராவது எண்ணை மாற்றியிருப்பார்கள்.