ஃபங்ஷன் கமிட் பண்ணுமா? ரோல்பேக் அடித்துப் பாருங்கள்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஃபங்ஷன் ஒன்று தன் மாற்றங்களைத் தானே கமிட் பண்ணுமா, அதாவது நிரந்தரமாக்குமா என்று கையேட்டைப் புரட்டிக் குழம்புவதை விட, டெஸ்ட் டேட்டாபேஸில் பிகின் போட்டு ஒரு டிரான்சாக்‌ஷனை (மொத்தமாக நிற்கும் அல்லது மொத்தமாக ரத்தாகும் வேலைத் தொகுப்பு) தொடங்கி, செலக்ட்டில் அதைக் கூப்பிட்டு, ரோல்பேக் அடித்து ரத்து செய்துவிட்டு டேபிளைப் பாருங்கள். ஃபங்ஷன் சேர்த்த புது வரிசை (ரோ) காணோம் என்றால் கமிட் உங்கள் பொறுப்பு.

போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷன் எப்போதும் கூப்பிட்டவரின் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே ஓடும். பிகின் இல்லாமல் கூப்பிட்டால் அந்த ஒரு செலக்ட்டே தனி டிரான்சாக்‌ஷன், முடிந்ததும் தானாக கமிட் ஆகிவிடும், பாதிக் குழப்பம் இதனால்தான்.

போஸ்ட்கிரெஸ் 11-ஆம் பதிப்பில் வந்த புரொசீஜருக்கு (ஃபங்ஷன் போலவே, ஆனால் கால் போட்டுக் கூப்பிடுவது) இந்தச் சோதனை சரிவராது: அதற்குள் கமிட் இருக்கலாம், ஆனால் அப்படிக் கமிட் உள்ளதைப் பிகினுக்குள் வைத்துக் கூப்பிட்டால் பிழை வரும். அப்புறம், சீக்வென்ஸ் எண் (வரிசைகளுக்குத் தானாக ஏறும் எண்) ரோல்பேக்கில் திரும்பாது, 41-க்குப் பிறகு 43 வந்தால் பதற வேண்டாம்.