கிட் ரிமோட் இணைப்புகளைச் சுத்தம் செய்வது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊரில், கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்), கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று எல்லார் வேலையும் அந்தப் பிள்ளையிடம் வந்து சேரும். எழுதிக் கொடுத்தவர் வேலை கிடைத்து கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார். அடுத்தவர் எடுத்து நடத்துவார், அவரும் போவார். ஒவ்வொருவரும் தன் கணக்கு, தன் சாவி, தன் முகவரி என்று ஒன்றைச் செருகிவிட்டுப் போவதால், செம்பனைக் குலை எடையைப் பதிகிற ஒரு சின்ன நிரலில்கூட, சர்வரோடு பேசுகிற பகுதி மட்டும் நாலு பேர் கைப்பட்ட சிக்கலாகக் கிடக்கும். கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கருவி, ரிமோட் என்பது அதில் பெயர் வைத்துக் குறித்த சர்வர் முகவரி. அந்தச் சிக்கலை எப்படிப் பிரித்துச் சீராக்குவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழில் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் எதையும் மாற்றாதீர்கள், பாருங்கள். கிட் ரிமோட் -வி என்று போட்டால் எந்தப் பெயரில் எந்த முகவரி இருக்கிறது என்று தெரியும். ஆனால் அது முழு உண்மை இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் யாராவது, ஒரு முகவரிக்குப் பதில் இன்னொன்றை வைக்கிற இன்ஸ்டெட்-ஆஃப் என்ற அமைப்பைப் போட்டு வைத்திருந்தால், முகவரி மாற்றப்பட்ட பிறகு எப்படி இருக்குமோ அதைத்தான் அந்தக் கட்டளை காட்டும். உள்ளே எழுதி வைத்திருப்பதைப் பார்க்க கிட் கான்ஃபிக் --கெட் ரிமோட்.ஆரிஜின்.யூஆர்எல் என்று கேட்க வேண்டும் (ஆரிஜின் என்பது ரிமோட்டுக்கு வழக்கமாக வைக்கிற பெயர்). இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், எங்கோ ஒரு மாற்று விதி ஒளிந்திருக்கிறது. அப்புறம் கிட் கிரெப் வைத்து, நிரலுக்குள்ளேயே எங்கெல்லாம் சர்வர் முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். சப்மாட்யூல் (உள்ளே செருகிய இன்னொரு திட்டம்) இருந்தால் அதன் கோப்பையும் பாருங்கள், அங்கேதான் பழைய முகவரி பல வருடம் கவனிக்கப்படாமல் கிடக்கும். அதை மாற்றினால் கிட் சப்மாட்யூல் சிங்க் என்று ஒருமுறை போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களிடம் பழையதே தொடரும்.

இப்போது ரொம்ப முக்கியமான விஷயம், டோக்கன், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் கொடுக்கிற நீளமான ரகசிய எழுத்து வரிசை. ரெப்போக்களை (கிட் பார்த்துக்கொள்கிற நிரல் தொகுப்புகளை) வைத்திருக்கிற இணையதளமான கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளை வரியில் கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்வதை நிறுத்தியது. அன்றைக்கு அவசரமாக ஒரு டோக்கன் எடுத்து, அதை எச்டிடிபிஎஸ் முகவரிக்குள்ளேயே ஒட்டி வேலையை முடித்தவர்கள் நிறையப் பேர். அப்படிக் குளோன் செய்தால் (ரெப்போவை நகல் இறக்கினால்) அந்த டோக்கன் டாட்-கிட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் எல்லாரும் படிக்கிற மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடும். பெண்டிரைவில் அந்த அடைவை நகல் எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் சாவியையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஆரிஜின் போட்டு முகவரியை மாற்றினால் மட்டும் போதாது, அந்த டோக்கனையே கிட்ஹப் அமைப்புப் பக்கத்தில் போய் ரத்து செய்ய வேண்டும். ஸ்கிரிப்டில் எழுதி கமிட் செய்திருந்தால் (கிட்டின் வரலாற்றில் பதிந்திருந்தால்) இன்னும் மோசம், வரியை அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். கிட் லாக் -எஸ் (எஸ் பெரிய எழுத்து) என்று போட்டு டோக்கனின் முதல் சில எழுத்துகளைக் கொடுத்தால் எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் வெளியே போனது என்று காட்டும். வரலாற்றைத் திருத்துவதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம், ரத்து செய்வதை இன்றைக்கே செய்யுங்கள்.

டோக்கனுக்குப் பதில் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான இணைப்பு முறை) சாவிதான் என் தேர்வு. ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டர் நிரலை இறக்க மட்டும்தான் வேண்டுமென்றால், அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் படிக்கிற உரிமையோடு ஒரு டிப்ளாய் கீ கொடுங்கள். கிராணி மாறினாலும் நீங்கள் ஊரைவிட்டுப் போனாலும் உங்கள் சொந்தக் கணக்கு அதில் மாட்டாது.

வேலைக்கு ஒரு கணக்கு, சொந்தத்துக்கு ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை வரும். உரிமை இருக்கிற ரெப்போவையே, அப்படி ஒன்று இல்லை என்று கிட்ஹப் சொல்லும். காரணம் இதுதான்: எஸ்எஸ்எச் தன்னிடம் இருக்கிற சாவிகளை ஒவ்வொன்றாக நீட்டும், கிட்ஹப் தனக்குத் தெரிந்த முதல் சாவியைப் பார்த்ததும் அந்தக் கணக்காக உள்ளே விட்டுவிடும், அந்தக் கணக்குக்கு அந்த ரெப்போ தெரியாது. இதற்கு எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட் என்று இரண்டு புனைபெயர் வைத்து, ஒவ்வொன்றிலும் ஹோஸ்ட்நேம் கிட்ஹப்.காம் என்றும் ஐடென்டிட்டி-ஃபைல் (சாவிக் கோப்பு) எது என்றும் சொல்லி, கூடவே ஐடென்டிட்டிஸ்-ஒன்லி யெஸ் என்று எழுத வேண்டும். அந்தக் கடைசி வரியை விட்டால் ஏஜென்டில் (சாவிகளை நினைவில் வைத்திருக்கிற நிரலில்) இருக்கிற மற்றச் சாவிகளும் நீட்டப்படும், தொல்லை தீராது. ரிமோட் முகவரியில் கிட்ஹப்.காம் இருந்த இடத்தில் அந்தப் புனைபெயரைப் போடுங்கள். பள்ளிக்கூடத்திலோ ஆபீஸிலோ எஸ்எஸ்எச் போகிற 22-ஆம் போர்ட்டை அடைத்திருந்தால், அதே இடத்தில் ஹோஸ்ட்நேம் எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம், போர்ட் 443 என்று எழுதினால் வழி கிடைக்கும். பார்த்தீர்களா, இது எதற்கும் நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. நிரலுக்கும் ஸ்கிரிப்டுக்கும் ஆரிஜின் என்ற பெயர் மட்டும் தெரிந்தால் போதும், அது எங்கே இருக்கிறது, எந்தச் சாவியால் திறக்கும் என்பதெல்லாம் கம்ப்யூட்டரின் அமைப்பில் இருக்கட்டும்.

அடுத்தது ஸ்கிரிப்ட். ஒரு ஸ்கிரிப்ட் எடைக் கணக்கை அனுப்பும், இன்னொன்று புதிய நிரலை இறக்கும், மூன்றாவது ராத்திரியில் காப்பு எடுக்கும் என்று வையுங்கள். மூன்றிலும் இணைப்புக்கான வரிகள் தனித்தனியாக எழுதியிருக்கும், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். அந்த வரிகளை எல்லாம் ஒரே கோப்புக்கு நகர்த்தி, மற்ற மூன்றும் அதை அழைக்கும்படி செய்யுங்கள். நகர்த்தும்போது இரண்டு வரிகளைக் கட்டாயம் தூக்கி எறியுங்கள். ஒன்று ஸ்டிரிக்ட்-ஹோஸ்ட்-கீ-செக்கிங் நோ. கிட்ஹப் 2023 மார்ச் 24 அன்று தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவியை (சர்வர் தான் யார் என்று காட்டுகிற சாவியை) மாற்றியது, ரகசியச் சாவி ஒரு பொது ரெப்போவில் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்துவிட்டதுதான் காரணம். அதனால் வந்த எச்சரிக்கையைத் தாண்டப் பலர் இந்த வரியைப் போட்டார்கள். அதைப் போட்டால் எதிரே இருப்பது உண்மையில் கிட்ஹப்தானா என்ற சோதனையே பெயருக்கு ஆகிவிடும். சரியான வழி, எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் கிட்ஹப்.காம் (ஆர் பெரிய எழுத்து) என்று போட்டுப் பழைய சாவியை நீக்கி, புதியதைச் சேர்க்கும்போது கைரேகை எண்ணை கிட்ஹப்பின் ஆவணப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டாவது, வரிக் கடைசியில் வருகிற ஆர் ட்ரூ (இரண்டு செங்குத்துக் கோடு, பிறகு ட்ரூ). இணைப்பு தோற்றாலும் வெற்றி என்றே அது பொய் சொல்லும், கணக்கு போய்ச் சேரவில்லை என்பது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

அந்தப் பொதுக் கோப்பில் கிட்-டெர்மினல்-ப்ராம்ப்ட் மாறிக்கு 0 கொடுங்கள். ராத்திரி ஓடுகிற ஸ்கிரிப்ட் யாருமில்லாத திரையில் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு விடியும்வரை நிற்காது. கிட்-எஸ்எஸ்எச்-கமாண்டில் பேட்ச்மோட் யெஸ் (எதையும் கேட்டு நிற்காதே), கனெக்ட்-டைம்அவுட் 15 (இணைப்புக்கு 15 விநாடிக்கு மேல் காத்திராதே) இரண்டையும் சேருங்கள். நம் பக்கம் சாயங்கால மழை பிடித்தால் லைன் போய்ப் போய் வரும், அதனால் மறுமுயற்சி கட்டாயம் வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கிட் புஷ் தோற்று 1 என்ற எண்ணோடு முடிந்தால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் மறுத்துவிட்டது என்று பொருள், யாரோ உங்களுக்கு முன்னால் அனுப்பியிருக்கிறார்கள், மறுபடி மறுபடி தட்டினாலும் பலனில்லை, முதலில் இறக்கிச் சேர்க்க வேண்டும். 128 என்று முடிந்தால் லைன் போயிருக்கலாம், சாவி தப்பாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் அதே எண்தான் வரும். அதனால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மூன்று நான்கு தடவை முயன்று, நிறுத்திவிட்டு, பிழைச் செய்தியை அப்படியே ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அனுப்பியது போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமல் போனாலும் பயமில்லை, மறுபடி அனுப்பினால் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று கிட் சொல்லிவிடும்.

மெதுவான லைனில் பெரிய ரெப்போவைக் குளோன் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதியில் அறுந்த குளோனை விட்ட இடத்திலிருந்து தொடர கிட்டுக்கு வழி கிடையாது. --டெப்த் 1 என்று கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கிவிட்டு, லைன் நன்றாக இருக்கிற நேரத்தில் கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ போட்டு அந்தக் கிளையின் மிச்ச வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியதெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க கிட் எல்எஸ்-ரிமோட் ஆரிஜின் போதும், நிரல் எதையும் இறக்காமல் கிளை முதலிய பெயர்களின் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கும். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஸ்கிரிப்ட் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராக நுழைந்து ஓட்டிப் பாருங்கள், சாவி பெரும்பாலும் அங்கேதான் இல்லாமல் இருக்கும். பிறகு கிட் ஃபெட்ச் --ப்ரூன் போட்டால் சர்வரில் அழிந்துபோன கிளைகளின் நிழல்கள் போய்விடும், உங்கள் சொந்தக் கிளைகளை அது தொடாது. பழைய ரிமோட்டுகளைக் கடைசியில்தான் நீக்க வேண்டும். கிட் ரிமோட் ரிமூவ் அந்த ரிமோட்டிலிருந்து வந்த கிளைக் குறிப்புகளையும் சேர்த்தே அழித்துவிடும். அதனால் முதலில் கிட் பிராஞ்ச் -ஆர் (இங்கே ஆர் சின்ன எழுத்து) போட்டு, போனவருடைய முகவரியில் மட்டும் இருக்கிற கிளை ஏதாவது உண்டா என்று பார்த்து, இருந்தால் அதை ஆரிஜினுக்கு அனுப்பிவிட்டு நீக்குங்கள்.