குறைந்த செலவில் மனித மரபியல் படிக்க

பிளஸ் டூ முடித்த கையோடு, பெயரில் ‘ஜெனிடிக்ஸ்’ இருக்கிறது என்பதற்காகவே ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டத் தயாராகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நம் ஊரில் மனித மரபியல் பெரும்பாலும் எம்.எஸ்சி.யில்தான் தொடங்குகிறது. அதற்கு விலங்கியல், உயிர்வேதியியல், பயோடெக் என்று உயிரியல் சார்ந்த ஏதாவது ஒரு பி.எஸ்சி. பொதுவாகப் போதும். முதல் மூன்று வருடத்தை அரசு கலை அறிவியல் கல்லூரியில் முடியுங்கள், செலவு மிகக் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு வரும்.

எம்.எஸ்சி.க்கு முதலில் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். கோவை பாரதியாரில் மனித மரபியல், மூலக்கூறு உயிரியல் என்றே ஒரு துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை தரமணி வளாகத்தில். வெளியூர் போகலாம் என்றால் விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழகம், அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் இரண்டிலும் மனித மரபியலுக்குத் தனித் துறை உண்டு. போரூர் ராமச்சந்திராவில் மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதிதான், ஆனால் அது தனியார் நிகர்நிலை, கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்றால் மற்ற இடங்களில் முயன்று பார்த்த பிறகு யோசியுங்கள்.

சரி, கட்டணம் குறைவு, படிப்பு நன்றாக இருக்குமா? அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து, “நீங்களே உங்கள் கையால் கேரியோடைப் போட்டிருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். கேரியோடைப் என்பது ஒருவரின் குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்திய படம். ரத்த செல்களை 72 மணி நேரம் கல்ச்சரில், அதாவது ஊட்டக் கரைசலில் வளர்த்து, கோல்சிசின் விட்டு செல் பிரிவதை நடுவில் நிறுத்தி, ஹைப்போடானிக், அதாவது உப்பு குறைந்த கரைசலில் செல்லை உப்ப வைத்து, ஸ்லைடில் சொட்டி, கீம்சா சாயத்தில் தெரியும் பட்டைகளைப் பார்த்து 46 குரோமோசோம்களையும் ஜோடி சேர்க்க வேண்டும். முதல் தடவை பாதி குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். அதைத் திரும்பத் திரும்பச் செய்தவருக்குத்தான் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைக்கும், சார் செய்து காட்டியதை நின்று பார்த்தவருக்கு மதிப்பெண் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்து, கடைசி செமஸ்டர் புராஜெக்ட் எங்கே என்று விசாரியுங்கள். துறையிலேயே செய்ய வசதி இல்லாவிட்டால் வெளி லேபுக்கு அனுப்புவார்கள், அங்கே பெஞ்ச் ஃபீஸ் என்கிற லேப் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் உங்கள் தலையில் விழும், பிராஸ்பெக்டஸில் இது இருக்காது. என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த தகவல் அதன் இணையதளத்திலேயே இருக்கும், அதில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) எவ்வளவு என்று பாருங்கள். மொத்தக் கல்லூரிக்கான கணக்கு அது என்பதால், துறையின் நிலவரத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் ஜி.ஏ.டி.-பி என்கிற தேசிய பயோடெக் நுழைவுத் தேர்வையும் எழுதுங்கள், அதன் வழியாகச் சேரும் பயோடெக் எம்.எஸ்சி. இடங்களுக்கு உதவித்தொகை உண்டு. அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், பிஎச்.டி.க்கு வீட்டில் கை நீட்ட வேண்டாம்.

மக்களோடு பேசப் பிடிக்கும் என்றால் ஜெனிடிக் கவுன்சிலிங்கையும், அதாவது பரம்பரை நோய் பற்றிக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையையும் யோசியுங்கள். அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் இன்னும் நடக்கிற ஊர் இது, பிறக்கும் குழந்தைக்கு என்ன ஆபத்து என்று பயமுறுத்தாமல் தமிழில் சொல்லத் தெரிந்தவர்கள் நமக்கு நிறையத் தேவை.