பழைய காரில் வயரிங் கோளாறு தேடும்போது செய்யக் கூடாதவை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டை, புளியரைப் பக்கத்துப் பழைய கார்களுக்கெல்லாம் வயரிங் சீக்கு வந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே அடிக்கிற ஈரக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூக்க அதிக நாள் வேண்டாம். அந்தச் சமயம் பார்த்து, புதிதாக மல்டிமீட்டர் வாங்கிய பையன்கள் பாதி பிரித்த டேஷ்போர்டோடு பட்டறைக்கு வருவார்கள். தொழில் பழகிய காலத்தில் நாங்கள் அடித்த கூத்தேதான், மீட்டர் மட்டும் டிஜிட்டல். பல்ப் போனதைப் பார்க்காமல் வயரைப் பிரிப்பது போன்ற சங்கதிகளை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகப் புத்தி வரும்.

"12 வோல்ட் வருதே!"

இந்த ஒரு பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

தென்மலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து பழைய பெட்ரோல் அம்பாசடர் வந்தது. எங்கோ டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடித்து, பார்க்கக் கல்யாண வண்டி மாதிரி இருந்தது. ஆனால் செல்ஃப் (இஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) நொண்டியது. "அண்ணாச்சி, பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டார் புதுசு. சோக் கேபிள்கூட ரெண்டு தடவை மாத்தியாச்சு, திரும்பத் திரும்ப இறுகிக்குது" என்றார் டிரைவர். பட்டறைப் பையன் செல்ஃபின் தடித்த போல்ட்டில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "12.6 இருக்குண்ணே, அப்ப மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

செல்ஃபுக்கும், டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இரும்புக் கம்பியான சோக் கேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. டிரைவரைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டுச் சோக் கேபிளைத் தொட்டேன். சுட்டது.

இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் மின்சார உறவு என்று இருப்பது ஒரு பின்னல் எர்த் வயர்தான். பெயிண்ட் வேலைக்காக அதைக் கழற்றியவர்கள், காய்ந்த புதுப் பெயிண்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். செல்ஃப் இழுக்கிற 150 ஆம்பியருக்கு எப்படியாவது பேட்டரிக்குத் திரும்பிப் போக வேண்டுமே! கிடைத்த வழி சோக் கேபிள். அது பழுத்து, உள்ளே உறை உருகி, இறுகிக்கொண்டது. எமரி பேப்பரால் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். சாவியைத் தொட்டதும் வண்டி எடுத்தது. மாற்றிய பேட்டரி, மோட்டார், கேபிள் எல்லாம் தண்டம்.

பையனின் மீட்டர் பொய் சொல்லவில்லை. மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை என்கிற அளவு சொற்பம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் 12.6 காட்டும். அதே இடத்தில் 0.02 ஓம் தடை இருந்து 150 ஆம்பியர் பாய்ந்தால் 3 வோல்ட் அங்கேயே காலி. 0.02 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் பகுதியில் அளக்கவும் முடியாது. அதனால் லோடு ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றி விடுங்கள், இல்லாவிட்டால் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரி நெகடிவ் குமிழின் ஈயத்திலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்ப்பில் வேண்டாம். சிவப்பை இஞ்சின் பிளாக்கில் வெறும் இரும்பு தெரியும் இடத்தில் அழுத்துங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2, 0.3 வோல்ட் வந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அப்புறம் குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து இஞ்சின் என்று துண்டு துண்டாக அளங்கள். எந்தத் துண்டில் வோல்ட் தொலைகிறதோ அங்கேதான் கோளாறு. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து சிமிட்டுவது, ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுவது எல்லாமே பெரும்பாலும் எர்த் சேட்டைதான். மோட்டாரை விலை விசாரிக்கும் முன் இதைப் பாருங்கள்.

பச்சை வயரை எர்த் என்று நம்புவது

வீட்டு வயரிங் பார்த்துப் பழகிய கைக்கு வரும் தவறு. வீட்டில் பச்சை எர்த். பழைய அம்பாசடரின் லூகாஸ் (பிரிட்டிஷ் கார் மின்சாமான் கம்பெனி) நிறக் கணக்கில் பச்சை, சாவி போட்டதும் ஃபியூஸ் வழியாகக் கரண்ட் வரும் வயர். எர்த் அங்கே கருப்பு. பழுப்பு எப்போதும் பேட்டரி, வெள்ளை இக்னிஷன். அதுவும் இடையில் யாரும் கை வைக்காத வண்டியில்தான். நாலு கை மாறிய வண்டியில் நிறத்தைப் பார்க்காமல் டெஸ்ட் லாம்ப்பை (ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறுமுனையால் வயரைத் தொட்டுப் பார்க்கும் பல்ப்) நம்புங்கள்.

ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஃபியூஸ்

35 என்று எழுதிய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ் தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான், 35 அது உருகுகிற அளவு. இது தெரியாமல் 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் செருகினால் முதலில் உருகுவது வயர். ஃபியூஸுக்குப் பதில் அந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்ப்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், வயரிங்கும் பிழைக்கும். அந்த ஃபியூஸில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், வயர்க் கட்டை அசைத்துப் பாருங்கள். எதைத் தொட்டபோது பல்ப் மங்குகிறதோ, அங்கே பிரியுங்கள்.

மலைப்பாதைக்கு 100/90 பல்ப்

கணவாயில் மூடுபனி என்று போடுகிறார்கள். 60/55 வாட் பல்ப் இரண்டும் ஹை பீமில் 10 ஆம்பியர் இழுக்கும், இது 16-க்கு மேல். ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இல்லாத பழைய வண்டியில் அத்தனையும் ஸ்விட்ச் வழியே போகிறது. ஸ்விட்ச் உருகும் வாசனை வந்த பிறகு வருகிறார்கள். ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த வயர் இழுத்தால், பழைய 60/55 பல்ப்பே போதிய வெளிச்சம் தரும்.

ஓடும் இஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி சார்ஜ் பார்ப்பது

டைனமோ காலத்துப் பழக்கம். பின்னால் வந்த ஆல்டர்னேட்டரில் செய்தால் அதன் உள்ளே உள்ள டையோடு போகும். மீட்டரைப் பேட்டரியில் வைத்து 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள், போதும்.

வயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றுவது

வேண்டாம்.

ராத்திரியில் பேட்டரி இறங்கினால் உடனே பேட்டரி வாங்குவது

நெகடிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். கதவு மூடியிருக்க வேண்டும், சாவியைத் தொடவே கூடாது, தொட்டால் மீட்டர் போச்சு. கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டியில் 50 மில்லி ஆம்பியரே அதிகம். கூட இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதில் குறைகிறதோ அந்த வழியைத் தேடுங்கள். எந்த ஃபியூஸை உருவியும் குறையவில்லை என்றால், மீட்டரை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு மறுபடி அளங்கள். இப்போது குறைந்தால் டையோடு கசிகிறது, பேட்டரி மேல் குற்றமில்லை.